கிணறு எங்கே என்று கேட்டபோது வந்தவர்கள்

மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் பொதுக் கிணறு வெட்டுவது பற்றிய கூட்டம் அது. அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அப்போது அங்கே தரப்பாள் கொட்டில்களில் இருந்தன. ஒரு கிணற்றுக்குத்தான் பணம் கிடைத்திருந்தது. அதைப் பாடசாலைப் பக்கம் வெட்டுவதா, குளக்கட்டுப் பக்கம் வெட்டுவதா என்பதே கேள்வி. முடிவை நாம் சொல்வதில்லை, சனமே சொல்லட்டும் என்று முன்னரே தீர்மானித்துக்கொண்டுதான் போயிருந்தோம்.

மரத்தடி நிறைந்துவிட்டது. கைக்குழந்தையோடு வந்த தாய்மார், பொல்லூன்றி வந்த முதியவர்கள், வேலி ஓரமாக நின்ற இளைஞர்கள் என்று எல்லோரும் பேசினார்கள். ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம். பிறகு கை உயர்த்தினார்கள். பாடசாலைப் பக்கம் என்று முடிவாயிற்று. அடுத்த விடயம், கிணற்றைப் பராமரிக்கும் சங்கத்துக்கு நிர்வாகிகளைத் தெரிவு செய்வது. அதை நாம் வாசித்து முடிக்குமுன் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். மிஞ்சியிருந்தவர்கள் ஒரு டசினுக்குச் சற்றுக் கூட. எழுந்து போன ஒரு பெரியவரை மறித்து, "ஐயா, தலைவரைத் தெரிவு செய்யவேணுமே" என்றோம்.

"கிணறு எங்கை எண்டு முடிவாப் போச்சு. இனி ஆர் தலைவரா இருந்தாலென்ன, சுவாமி?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாமும் சிரித்தோம். ஆனால் அவர் கேட்டது சிறிய கேள்வியல்ல என்பது பின்னர்தான் எமக்கு விளங்கியது. மக்களிடம் தம் ஊர் விடயத்தை நேரே கேட்டு முடிவெடுக்கும் வழக்கம் இருந்தால், அது அவர்களைத் தேர்தலுக்கும் இழுத்து வருமா, அல்லது தேர்தலைவிட்டு விலகச் செய்யுமா என்பதே அக்கேள்வி. இரண்டு விதமாகவும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் வீதிக்கு எங்கே மதகு கட்டுவது என்று முடிவு செய்து பழகியவன் பிரதேச சபைக்கு ஆளைத் தெரிவு செய்யவும் வருவான், அது ஒரு பயிற்சி என்பது ஒரு கட்சி. அடிக்கடி கேட்டால் சலித்துப்போகும், முக்கியமானதை நாமே முடிவெடுத்துவிட்டால் ஆளைத் தெரிவதில் என்ன இருக்கிறது என்பது மறுகட்சி. பெரியவர் இரண்டாவது கட்சி.

விளக்கும் குடமும்

எமது நாட்டில் சர்வசன வாக்கெடுப்பு என்று ஒரேயொரு தடவைதான் நடந்திருக்கிறது. 1982 டிசெம்பர் 22ஆம் திகதி. வயது வந்தவர்களுக்கு அந்தச் சின்னங்கள் மறந்திருக்காது: ஆம் என்போருக்கு விளக்கு, இல்லை என்போருக்குக் குடம். 1977இல் தெரிவான பாராளுமன்றத்தைத் தேர்தல் இல்லாமலே மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீடிக்கலாமா என்பது கேள்வி. இரண்டு மாதங்களுக்கு முன், ஒக்டோபர் 20ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் நூற்றுக்கு 81 பேர் வாக்களித்திருந்தார்கள். விளக்கா குடமா என்று கேட்டபோது வந்தவர்கள் 71 பேர். அவர்களில் 55 வீதத்தை ஒட்டியோர் விளக்குக்குப் புள்ளடியிட, பொதுத் தேர்தல் 1989 வரை தள்ளிப் போயிற்று.

யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஜனாதிபதித் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளரை நிறுத்தவில்லை. வாக்காளரில் பாதிப்பேர்கூட அன்று வாக்களிக்கவில்லை. டிசெம்பரிலோ கூடுதலானோர் வந்தார்கள். வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்கே போட்டார்கள். ஜனாதிபதி யார் என்ற கேள்வி தம்முடையதல்ல என்று இருந்தவர்கள், தேர்தலே வேண்டாமா என்று கேட்டபோது அதைத் தம்முடைய கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள் என்று நாம் கருதுகிறோம்.

இன்னொன்று வாக்களிக்கப்பட்டும் நடக்கவில்லை. 1987 யூலை 29ஆம் திகதி இலங்கை இந்திய உடன்படிக்கையின்படி வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. அந்த இணைப்பு நிலைக்க வேண்டுமா என்று 1988 முடிவதற்குள் கிழக்கு மக்களிடம் கேட்கப்பட இருந்தது. ஆண்டுதோறும் அது பிற்போடப்பட்டது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்று தீர்த்தபின் கேட்பதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. கிழக்கு மக்கள் எந்தப் பக்கம் சொல்லியிருப்பார்கள் என்று இன்றும் வாதாடுகிறோம். அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ஆண்டுக்கு நான்கு கடித உறைகள்

இவை நாட்டையும் மாகாணத்தையும் பற்றிய கேள்விகள். ஊரளவில் கேட்டுக் கேட்டே நிர்வாகம் நடத்தும் நாடு என்றால் சுவிற்சர்லாந்துதான். எமது வாசகர் பலருடைய பிள்ளைகளும் சகோதரங்களும் 1980களிலிருந்து போய்ச் சேர்ந்த நாடு. அங்கே குடியுரிமை பெற்ற ஒரு பெண் பிள்ளை விடுமுறையில் வந்திருந்தபோது, வாக்கெடுப்பு எப்படி என்று கேட்டோம். ஆண்டுக்கு நான்கு தடவை வீட்டுக்குக் கடித உறை வரும். நாட்டுக் கேள்வி, கன்ரோன் எனப்படும் மாநிலத்தின் கேள்வி, ஊர்ச் சபையின் கேள்வி மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். கூடவே இரு பக்க நியாயங்களையும் எழுதிய சிறு புத்தகமும் இருக்கும். நிரப்பித் தபாலில் போட்டுவிடலாம்.

"பாராளுமன்றத் தேர்தலுக்கும் போடுறனீரோ, பிள்ளை?"

"சிலவேளை மறந்துபோவன், ஃபாதர். ஆனா எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் காசு ஒதுக்கிற கேள்வி வந்தா விடமாட்டன்."

மரத்தடிப் பெரியவரும் இந்தப் பிள்ளையும் சொன்னது ஒன்றே. கணக்கும் அதையே சொல்கிறது. 1919இல் சுவிஸ் பாராளுமன்றத் தேர்தலில் நூற்றுக்கு 80 பேர் வாக்களித்தார்கள். அப்போது ஆண்களுக்கு மட்டுமே வாக்கு. பெண்களுக்கு நாட்டு மட்டத்தில் வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான். அவ்வாண்டுத் தேர்தலில் 57 வீதம். 1979 தொடக்கம் இன்றுவரை ஒரு தடவைகூட அது 50 வீதத்தை எட்டவில்லை. 2023இல் 47 வீதத்தை ஒட்டி நின்றது. பக்கத்து ஜேர்மனியில் 2025 பெப்ரவரித் தேர்தலில் 82 வீதத்துக்கு மேல். ஒரே மொழி பேசும் மக்கள் எல்லைக்கு இருபுறமும் இருக்கிறார்கள்.

அதற்காகச் சுவிஸ் மக்கள் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. பாராளுமன்றம் இயற்றும் ஒரு சட்டத்தை எதிர்த்து நூறு நாளில் 50,000 கையொப்பம் சேர்த்தால் அச்சட்டம் மக்களிடம் வந்தாக வேண்டும். 18 மாதத்தில் ஒரு இலட்சம் கையொப்பம் சேர்த்தால் அரசியலமைப்பையே மாற்றக் கேட்கலாம். கன்ரோன்களிலும் ஊர்களிலும் குறித்த தொகைக்கு மேற்பட்ட செலவுகள் பல இடங்களில் தாமாகவே வாக்கெடுப்புக்கு வந்துவிடும்: பாடசாலைக் கட்டடம், வீதி, வைத்தியசாலை. இவ்வளவு இருக்கும்போது பாராளுமன்றத்துக்கு யார் போனாலும் கடைசிச் சொல் தம்முடையது என்று மக்கள் இருந்துவிடுகிறார்கள். போதாததற்கு, 1959 முதல் பெரும்பாலும் பெரிய நான்கு கட்சிகளே ஏழு பேர் கொண்ட அரசாங்கத்தைத் தமக்குள் பங்கிட்டு வருகின்றன. தேர்தலால் அரசாங்கம் மாறுவதில்லை. ஆகவே பழி முழுவதையும் வாக்கெடுப்பின் மேல் போடுவது சரியல்ல. ஆயினும் கன்ரோனுக்குக் கன்ரோன் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், வாக்கெடுப்பு அதிகம் நடக்கும் இடங்களில் தேர்தலுக்கு வருவோர் ஓரளவு குறைவு என்றே கண்டிருக்கிறார்கள்.

மறுபுறம், கேள்வி கனமானதாக இருந்தால் அதே மக்கள் திரண்டு வருகிறார்கள். 1992 டிசெம்பர் 6ஆம் திகதி, ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பில் சேர்வதா என்று கேட்டபோது 78 வீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள். மயிரிழையில் வேண்டாம் என்று முடிந்தது. 2021 நவம்பரில் கொரோனாச் சட்டம் பற்றிக் கேட்டபோது 65 வீதத்துக்கு மேல். சாதாரண வாக்கெடுப்புக்கு 45 வீதம் வந்தாலே போதும் என்பார்கள். ஊர்ச் சபைக் கூட்டங்களோ பரிதாபம். பல ஊர்களில் பத்தில் ஒருவர்கூட வருவதில்லை. வரவுசெலவுத் திட்டம் வாசிப்பதைக் கேட்க யாருக்குப் பொறுமை? எம் சங்கங்களின் வருடாந்தப் பொதுக்கூட்டம் நினைவுக்கு வருகிறது.

ஷாஃப்ஹவுசன் என்ற கன்ரோனில் வாக்களிப்பது கட்டாயம். தவறினால் ஆறு பிராங் தண்டம், ஒரு கோப்பிக் காசு. அந்த ஆறு பிராங்குக்காக அங்கே மற்ற இடங்களைவிடத் தெளிவாகக் கூடுதலானோர் வாக்களிக்கிறார்கள். நாம் இதைப் பரிந்துரைக்கவில்லை. காசுக்குப் பயந்து வருவதும் அக்கறையோடு வருவதும் ஒன்றல்ல. ஆனால் இன்னொரு செய்தி எம்மை யோசிக்க வைத்தது. தபாலில் வாக்களிக்கும் வசதி கன்ரோன் கன்ரோனாக வந்தபோது வாக்களிப்பு வெகுவாக உயரும் என்று எதிர்பார்த்தார்கள். அவ்வளவாக உயரவில்லை. சின்னஞ்சிறு ஊர்களில் சில இடங்களில் குறைந்தும் போயிற்று. முன்பு வாக்குச்சாவடிக்குப் போவதை அயலவர் பார்த்தார்கள். போகாதவர் யார் என்றும் தெரிந்தது. உறையைத் தபாற்பெட்டியில் போடுவதை யார் பார்க்கப் போகிறார்கள்? கிளாறுஸ் கன்ரோனில் இன்றும் மே மாதத்து முதல் ஞாயிறு சதுக்கத்தில் கூடிக் கை உயர்த்தியே முடிவெடுக்கிறார்கள். 2006இல் அப்படிக் கூடியவர்கள் கன்ரோனின் 25 ஊர்ச் சபைகளை மூன்றாகச் சுருக்கிவிட்டார்கள். 2011இல் அது நடைமுறைக்கு வந்தது. தம் ஊர்ச் சபையைத் தாமே கலைத்த சனம்.

நாள் குறிப்பவர் யார்?

ஜேர்மனிக்கு வருவோம். பவேரியா மாநிலத்தில் ஊர் வாக்கெடுப்பு உரிமையையே மக்கள் ஒரு வாக்கெடுப்பில்தான் பெற்றார்கள், 1995 ஒக்டோபர் 1ஆம் திகதி. அதன்பின் அம்மாநில ஊர்களில் ஆயிரக்கணக்கில் வாக்கெடுப்புகள் நடந்துவிட்டன. சிறிய ஊர்களில் பாதிப்பேருக்கு மேல் வருவது வழமை. பெரு நகரங்களில் கதை வேறு. 2004 நவம்பரில் மியூனிக் நகரில், நூறு மீற்றருக்கு மேல் உயரமான கட்டடங்கள் வேண்டுமா என்ற கேள்விக்கு வந்தவர்கள் 22 வீதத்துக்கும் குறைவு. ஐந்தில் ஒருவரை ஒட்டிய தொகையினர் நகரத்தின் உயரத்தை முடிவு செய்தார்கள்.

இதைவிடப் பாடம் தருவது 2013இல் இரண்டு நகரங்களில் நடந்தது. ஹம்பேர்க், பேர்லின் இரண்டிலும் கேள்வி ஏறத்தாழ ஒன்றே: தனியார் கையிலிருந்த மின்விநியோகத்தை நகரம் திரும்ப எடுக்க வேண்டுமா? ஹம்பேர்க்கில் அது செப்டெம்பர் 22ஆம் திகதி, பாராளுமன்றத் தேர்தல் நாளிலேயே நடந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். 51 வீதத்துக்குச் சற்றுக் குறைவானோர் ஆம் என்றார்கள். மின்விநியோகம் நகரத்துக்கு வந்தது. பேர்லினிலும் அதே நாளில் வையுங்கள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நகர அரசாங்கம் மறுத்து, ஆறு வாரம் கழித்து நவம்பர் 3ஆம் திகதி வைத்தது. வந்தவர்கள் 29 வீதம். அவர்களில் 83 வீதத்தினர் ஆம் என்றார்கள். ஆனால் ஆம் என்போர் மொத்த வாக்காளரில் நாலில் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஏறத்தாழ 21,000 வாக்குகள் குறைந்தன, தீர்மானம் தோற்றது. 51 வீதம் வென்ற இடமும் உண்டு, 83 வீதம் தோற்ற இடமும் உண்டு. இடையில் இருந்த பெரிய வேறுபாடு நாட்காட்டி.

ஹம்பேர்க்கில் தேர்தல்தான் வாக்கெடுப்புக்கு ஆள் கொண்டுவந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுவழமாக வாக்கெடுப்பு தேர்தலுக்கு ஆள் கொண்டுவருமா என்றால், அமெரிக்காவில் ஓரளவு கொண்டுவருகிறது. அங்கே பல மாநிலங்களில் தேர்தல் வாக்குச் சீட்டிலேயே மக்கள் கேள்விகளும் அச்சிடப்பட்டிருக்கும். ஜனாதிபதித் தேர்தல் இல்லாத ஆண்டுகளில், அதாவது வேறு எதுவும் சனத்தை இழுக்காத ஆண்டுகளில், அத்தகைய கேள்விகள் உள்ள மாநிலங்களில் வாக்களிப்புச் சற்றுக் கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஜனாதிபதித் தேர்தல் நாளில் எப்படியும் வருவார்கள், ஆகவே வித்தியாசம் சிறிது. ஒரே நாளில் வைத்தால் ஒன்று மற்றொன்றைத் தாங்கும். தனித்தனியே அடிக்கடி வைத்தால் ஒன்று மற்றொன்றின் பங்கைத் தின்னும். அடிக்கடி வைப்பதன் சலிப்பு எமக்கும் தெரிந்ததே. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் 79 வீதம், அதே ஆண்டு நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் 69, 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் அதைவிடவும் குறைவு.

வராதவர்கள்

எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்பதே எமக்கு முக்கியமாகப் படுகிறது. ஜெனீவா, சென் காலன் ஆகிய இடங்களில் யார் வாக்களித்தார் என்ற பதிவை, பெயரை நீக்கி, பல வாக்கெடுப்புகளுக்குத் தொடர்ச்சியாக ஆராய்ந்திருக்கிறார்கள். எப்போதும் வருபவர்கள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஒருபோதும் வராதவர்கள் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி. மற்றவர்கள் தமக்குப் பட்ட கேள்விக்கு மட்டும் வருபவர்கள். ஆகவே 45 வீதம் என்றால் மீதி 55 வீதமும் எந்நாளும் தூங்குகிறது என்று எண்ணலாகாது. ஆனால் ஒருபோதும் வராத அந்தப் பங்கில் படிப்புக் குறைந்தவர்களும் வருமானம் குறைந்தவர்களும் இளைஞர்களும் கூடுதலாக இருக்கிறார்கள். கேள்விகள் கூடக்கூட, வருகிறவர்களின் கை மேலும் ஓங்குகிறது.

வர உரிமையே இல்லாதவர்களும் உண்டு. சுவிஸில் வாழ்பவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். சில கன்ரோன்களில், முக்கியமாக மேற்கில், ஊர் மட்டத்திலோ கன்ரோன் மட்டத்திலோ வாக்களிக்கலாம் என்பதைத் தவிர அவர்களுக்கு வாக்கில்லை. 2000 மார்ச் 12ஆம் திகதி, லூசேர்ன் கன்ரோனிலுள்ள எமன் ஊரில் 56 பேருக்குக் குடியுரிமை கொடுப்பதா என்று பெயர் பெயராக வாக்குச் சீட்டில் கேட்டார்கள். இத்தாலியர் எட்டுப் பேருக்கு ஆம். மற்றவர்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் முன்னாள் யூகோசிலாவியாவிலிருந்து வந்தவர்கள், இல்லை. போரினால் வீடிழந்து இன்னோர் ஊரில் கொட்டில் போட்டவர்களுக்கு இது எப்படிப்பட்ட உணர்வு என்று இவ்விதழின் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 2003இல் அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம், காரணம் சொல்லாமல் இரகசிய வாக்கால் ஒருவருடைய குடியுரிமையை மறுப்பது அரசியலமைப்புக்கு மாறானது என்று தீர்த்தது. எல்லாக் கேள்வியும் கை உயர்த்தித் தீர்க்கத் தக்கதல்ல.

இனி எமது கிணற்றுக்குத் திரும்புவோம். கிணறு வெட்டி முடிந்தது, நல்ல தண்ணீர். சில மாதங்களில் நீரிறைக்கும் இயந்திரம் பழுதாயிற்று. திருத்தக் காசு சேர்த்தார்கள். கணக்குக் காட்டப்படவில்லை என்று முறைப்பாடு வந்தது. நிர்வாகிகளைக் கேட்டால், "எங்களைத் தெரிஞ்சவை இத்தனை பேர்தானே, மற்றவை ஏன் கேக்கினம்?" என்றார்கள். சனத்தைக் கேட்டால், "நாங்கள் அவையைத் தெரியேல்லையே" என்றார்கள். இரண்டும் உண்மை.

அப்போதுதான் குளக்கட்டுப் பக்கக் குடும்பங்களின் கதையும் வெளிவந்தது. அவர்கள் கூலிக்குப் போகிறவர்கள். முதற்கூட்டம் நடந்தது அருவிவெட்டுக் காலத்தில், வேலை நாளில், காலை பத்து மணிக்கு. ஏறக்குறைய ஒருவருமே வந்திருக்கவில்லை. மரத்தடி நிறைந்திருந்ததால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டோம். அந்தப் பெண்கள் குடத்தோடு பாடசாலைப் பக்கம் நடக்கிறார்கள். நாளையும் நேரத்தையும் குறித்தவர்கள் நாமே. எமது வாகனம் அன்றைக்குத்தான் கிடைத்தது.

அடுத்த கூட்டத்தின் நேரத்தை அவர்களிடமே கேட்டோம். ஞாயிறு பின்னேரம் என்றார்கள். இரண்டு விடயங்கள் இருந்தன: கிணற்றிலிருந்து குளக்கட்டுவரை குழாய் கொண்டுபோவது எந்த வழியால், புதிய நிர்வாகிகள் யார். நிர்வாகத் தெரிவை முதலாவதாகவும் குழாயை இரண்டாவதாகவும் வைத்தோம். குளக்கட்டுப் பக்கத்துத் தாய் ஒருவர் பொருளாளராகத் தெரிவானார். கணக்கை மாதம் ஒருமுறை பாடசாலைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். பழைய பெரியவரும் வந்திருந்தார். தெரிவு நடக்கும்போது இரண்டு தடவை எழுந்து பார்த்தார், மறுபடி அமர்ந்தார்.

"உது முடிஞ்சுதே, சுவாமி? குழாய் ஆற்றை வளவுக்குள்ளால போகுது, அதைச் சொல்லுங்கோ."